பைக் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர

(கொல்கத்தாவில் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



வங்காளத்தில் இருந்துகொண்டு பைக் ஆம்புலன்ஸ் பற்றிப் பேசுகிறவன் கரீமுல் ஹக்கின் பெயரைச் சொல்லாமல் தொடங்கினால் அது மரியாதையாக இருக்காது. ஜல்பாய்குரி மாவட்டம், மால்பஜார் பக்கம், தலாபாரி என்ற கிராமத்துக்காரர். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1995இல் அவருடைய தாயாருக்கு இரவில் உடம்பு முடியாமல் போனது. வண்டி கிடைக்கவில்லை. தாயார் இறந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தோட்டத்தில் கூட வேலை செய்தவர் ஒருவர் மயங்கி விழுந்தபோது, அவரைத் தன் முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஜல்பாய்குரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் பிழைத்தார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்துக்கே இவர் ‘பைக் ஆம்புலன்ஸ் தாதா’; வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். ஒரு காசு வாங்குவதில்லை. 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பஜாஜ் நிறுவனம் பக்கத்தில் படுக்கை இணைத்த வண்டி ஒன்றை அவருக்காகச் செய்து கொடுத்தது.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் மனம் நெகிழும். ஆனால் நெகிழ்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடக் கூடாது. மயக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் ஓட்டுவது, ஓட்டுகிறவருக்கும் ஆபத்து, கட்டப்பட்டவருக்கும் ஆபத்து. கழுத்தெலும்பு முறிந்தவராக இருந்தால் அந்தப் பயணமே அவரை முடக்கிவிடலாம். கரீமுல் ஹக் வேறு வழி இல்லாமல் அதைச் செய்தார். வேறு வழி வைக்காதது அரசாங்கத்தின் குறை. தனி மனிதரின் துணிச்சலைப் பாராட்டி விருது கொடுப்பது சுலபம். அந்தத் துணிச்சல் தேவைப்படாத வண்டியையும் விதியையும் உண்டாக்குவதுதான் சிரமம். நான் இன்று பேச வந்தது இந்த இரண்டாவது வேலையைப் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். பைக் ஆம்புலன்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஒன்று. வட வங்காளத்தின் டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்கும், சத்தீஸ்கர் காடுகளுக்கும், நம் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரியான இடங்களுக்கும் அதுதான் தேவை. 2021 ஜனவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் டெல்லி ஆய்வகம் ஒன்று சி.ஆர்.பி.எஃப். படைக்காக ‘ரக்ஷிதா’ என்ற வண்டியைச் செய்து கொடுத்தது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில் அமைத்தது. காயம்பட்டவர் பின்னால் சாய்ந்து உட்கார ஓர் இருக்கை, தலை ஆடாமல் பிடிக்க ஓர் அமைப்பு, உடம்பை இருக்கையோடு பிணைக்கும் வார்ச்சட்டை, கை கால் வைக்க இடம். கரீமுல் ஹக் துணியால் செய்த காரியத்தைப் பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம். சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கம் காட்டுக்குள் நான்கு சக்கர வண்டி போகாது, போனால் கண்ணிவெடி பயம். அங்கே அது சரி.

நகரத்து வண்டி வேறு. அது நோயாளியை ஏற்றாது. மருத்துவ உதவியாளரையும் அவர் பையையும் மட்டும் கொண்டுபோகும். பெரிய வண்டி வந்து சேரும்வரை மூச்சு நிற்காமல், ரத்தம் வடியாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நம் நாட்டு ஆம்புலன்ஸ் தர விதியான ஏ.ஐ.எஸ். 125, ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதல் வகை, நோயாளியை ஏற்றாமல் இருக்கும் இடத்திலேயே முதலுதவி செய்கிற வண்டிதான். ஆக, பைக் ஆம்புலன்ஸ் என்பது ஏதோ ஏழை நாட்டின் சமாளிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1991 முதல் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்கிறது. கர்நாடகம் 2015 ஏப்ரலில் 30 வண்டிகளோடு தொடங்கியது. சென்னையில் 108 சேவைக்கு 2016இல் முதலமைச்சர் ஜெயலலிதா 41 வண்டிகளைக் கொடியசைத்து அனுப்பினார். 2017இல் மும்பை, 2018இல் கோவா, 2019இல் டெல்லியின் கிழக்குப் பகுதி என்று வரிசையாக வந்தன.

எதற்காக இவ்வளவு அவசரம்? இதயம் சட்டென்று நின்றுபோனவருக்கு, யாரும் மார்பை அழுத்தவில்லை, மின்அதிர்ச்சியும் கொடுக்கவில்லை என்றால், ஒவ்வொரு நிமிடம் கழியும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் கழித்து எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் வந்தாலும் பலன் சொற்பம்.

கொல்கத்தாவில் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த நகரத்தின் பரப்பில் சாலைகள் 6 சதவீதம்தான் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. படாபஜாரில் தலைச்சுமைக்காரர், தள்ளுவண்டி, டாக்ஸி எல்லாம் ஒரே தெருவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2016 மார்ச் 31 அன்று விவேகானந்தா சாலை மேம்பாலம் கணேஷ் டாக்கீஸ் அருகே இடிந்து விழுந்தபோது, மீட்பு வண்டிகள் அந்தத் தெருக்களில் நுழைய எவ்வளவு திணறின என்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

உறுப்பு மாற்றுக்குப் போலீஸ் சாலையைத் துடைத்துக் கொடுக்கிறதே என்று கேட்கலாம். 2008இல் சென்னையில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஓர் இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. 2018 மே மாதம் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்த இதயத்துக்காக இங்கே விமான நிலையத்திலிருந்து ஆனந்தபூர் வரைக்கும் பாதை திறந்து கொடுத்தார்கள். மகத்தான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது முன்கூட்டியே திட்டமிட்ட பயணம். காலை பத்தரை மணிக்கு சீல்தா பக்கம் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்காக யாரும் சாலையைத் துடைக்க முடியாது. இருக்கிற நெரிசலுக்குள்ளேயே புகுந்து வர வேண்டும். அதற்குத்தான் பைக்.

இங்கேதான் ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். என் பேச்சின் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

மூன்று கிலோமீட்டர் தூரம். நெரிசலில் பெரிய ஆம்புலன்ஸ் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 நிமிடம் ஆகும். பைக், வண்டிகளுக்கு நடுவே நுழைந்து சராசரி 30 கிலோமீட்டரில் போகிறது. ஆறு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் மிச்சம். இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? பைக் குறுகலாக இருப்பதிலிருந்து வந்தது. இப்போது அந்த ஓட்டுநர் இன்னும் முறுக்கி, சராசரியை 40 ஆக்குகிறார். நாலரை நிமிடம். கூடுதல் லாபம் ஒன்றரை நிமிடம். உயிரைப் பணயம் வைத்து 60 ஆக்கினால் மூன்று நிமிடம். மறுபடி ஒன்றரை நிமிடம்.

இந்த லாபத்துக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைப் பார்த்து, ஒரு வினாடியில் சுதாரித்து, காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 15 மீட்டரில் நிற்பார். 60இல் போனால் 44 மீட்டர் வேண்டும். நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் 60 மீட்டரையும் தாண்டிவிடும். மோதினால் அடியின் சக்தி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பன்னிரண்டு நிமிடத்தைக் குறுகலான உடம்பு கொடுத்துவிட்டது. மேற்கொண்டு மூன்று நிமிடத்துக்காக ஆளையே பறிகொடுக்கும் பேரம் இது. வேண்டாம் என்கிறேன் நான். வண்டி வாங்குகிறவரும், பயிற்சி கொடுக்கிறவரும், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போனை எடுக்கிறவரும், எல்லோரும் இந்தக் கணக்கை ஒட்டியே நடந்துகொள்ள வேண்டும்.

இரு சக்கர வண்டி ஏற்கெனவே இந்த நாட்டில் எவ்வளவு உயிர் குடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம், இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். நாம் காப்பாற்ற அனுப்புகிற ஆளை, இந்த நாட்டில் மிக அதிகமாக ஆளைக் கொல்கிற வாகன வகையில் ஏற்றி அனுப்புகிறோம். அனுப்பத்தான் வேண்டும். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து அனுப்ப வேண்டும்.

இனி கொல்கத்தாவுக்கே உரிய ஆபத்துகளைப் பார்ப்போம். எல்லா ஊருக்கும் ஒரே பயிற்சிப் புத்தகம் எடுபடாது. சென்னைச் சாலையில் தேறியவர் இங்கே வந்தால் முதல் மழையிலேயே டிராம் தண்டவாளத்தில் சறுக்குவார்.

டிராம் இந்த ஊரின் பெருமை. 1873இல் குதிரை இழுத்த டிராம், 1902இல் மின்சார டிராம். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிற தமிழர்களுக்கு ராஷ்பிஹாரி அவென்யூ டிராம் சத்தம் இல்லாமல் பொழுதே விடிந்ததில்லை. அதே அவென்யூவில், தேசப்ரியா பூங்கா அருகேதான் 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் எட்டு நாள் கிடந்து இறந்தார். வங்காளிகளிடம் டிராம் பற்றிப் பேசினால் இந்தச் செய்தி எப்படியும் வந்து நிற்கும்.

பைக் ஓட்டுகிறவருக்கு, ஓடுகிற டிராமைவிடத் தண்டவாளம்தான் எதிரி. பல்லாண்டு சக்கரம் தேய்த்து வழவழப்பான எஃகு, அதன்மேல் மழைத்தண்ணீர். டயருக்குப் பிடி கிடைக்காது. தண்டவாளத்தைக் கொஞ்சம் சாய்வாகக் கடந்தாலும், கடக்கும்போது பிரேக்கைத் தொட்டாலும், முன்சக்கரம் ஓடிவிடும். செங்குத்தாகக் கடக்க வேண்டும், கடக்கும்போது பிரேக் கூடாது, வண்டியைச் சாய்க்கக் கூடாது. நெரிசலில் நெளிந்து நெளிந்து போகிறவர் இதை எத்தனை முறை நினைவில் வைத்திருப்பார்? அதனால் அது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லாமல் கைப்பழக்கமாக ஆக வேண்டும். ஈரத் தண்டவாளத்தில் மெதுவாகப் பல முறை கடந்து பழகினால்தான் அது வரும்.

2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடு–மைதான் பகுதியில் மட்டும் டிராமை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. பைக்குகள் சறுக்குவதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். சில இடங்களில் தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தார் ஊற்றி மூடுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கும் அதில் சம்மதமில்லை. சறுக்கலுக்குப் பாதிக் காரணம் தண்டவாளத்தை ஒட்டி உடைந்து கிடக்கிற சாலை விளிம்பு. இரும்புக்கும் சாலைக்கும் நடுவே இரண்டு விரல் உயர வித்தியாசம் இருந்தால் டயர் அதில் இடறும். அதைச் செப்பனிட்டு வைத்திருக்கும் நகரங்களில் டிராமும் பைக்கும் ஒரே சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பைக் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரின் பெயரைச் சொல்லி டிராமை ஒழிக்க வேண்டாம்.

அடுத்தது மாஞ்சா, பட்டம் விடும் கூரான நூல். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அங்கேயும் கழுத்து அறுபட்டுக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இங்கே செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை அன்று வானமெல்லாம் பட்டம். 2015இல் திறந்த ‘மா’ மேம்பாலம் பார்க் சர்க்கஸையும் கிழக்குப் பைபாஸையும் இணைக்கிறது. கீழே நெருக்கமான வீடுகள், மொட்டை மாடிகள். மாடியிலிருந்து விடும் பட்டத்தின் நூல் மேம்பாலத்தின் குறுக்கே சரியாகக் கழுத்து உயரத்தில் வந்து நிற்கிறது. செயற்கை இழை நூல் அறுந்து போகாது, கழுத்தைத்தான் அறுக்கும். பைக்கில் போனவர்கள் அடிக்கடி காயம்பட்டதால், அந்தப் பாலத்தின் ஓரங்களில் கம்பிவலை கட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நைலான் மாஞ்சாவைத் தடை செய்தது. நூல் இன்னும் கிடைக்கிறது.

குஜராத்தில் உத்தராயணப் பண்டிகையின்போது, ஸ்கூட்டரின் முன்னால் வளைந்த கம்பி ஒன்றை நட்டுக்கொள்கிறார்கள். நூல் கம்பியில் மாட்டும், கழுத்துக்கு வராது. சில நூறு ரூபாய்ச் செலவு. இங்கே ஓடப்போகிற ஒவ்வொரு மருத்துவ பைக்கிலும் அந்தக் கம்பி இருக்க வேண்டும், ஓட்டுகிறவருக்குக் கழுத்தை மூடும் தடித்த பட்டையும் வேண்டும். விண்ட்ஷீல்டு மட்டும் போதாது. டெண்டர் படிவம் எழுதுகிற அதிகாரிகள் இதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மழைத் தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தந்தனியா, ஆம்ஹர்ஸ்ட் தெரு, சென்ட்ரல் அவென்யூ என்று தேங்கும் இடங்கள் உங்களுக்கு மனப்பாடம். 2025 செப்டம்பர் 23 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் நகரமே முழுகி, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் பைக்கை அனுப்பக் கூடாது. முழங்கால் தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடை இருக்கிறதா, அறுந்த கம்பி இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? போகலாமா வேண்டாமா என்ற முடிவை ஓட்டுகிறவரிடம் விடவும் கூடாது. விட்டால் அவர் போய்விடுவார். அந்த வேலைக்கு வருகிற ஆட்களின் சுபாவம் அப்படி. ‘இன்று பைக் கிடையாது’ என்று சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் நம்பாத இன்னொரு விஷயம் இந்த நகரத்தில் உண்டு. பல தெருக்கள் ஒருவழிப் பாதை. ஆனால் காலையில் ஒரு திசை, பிற்பகலில் அதற்கு நேரெதிர்த் திசை. இங்கே நடந்து போகிறவர் அந்த நேரத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று தெரிந்து அந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார். சைரனை நம்பி எதிர்த்திசையில் நுழைகிற பைக் அவரை மோதும். ஆபத்துக் கால வண்டிகளுக்குச் சட்டம் சில விலக்குகள் கொடுத்திருக்கிறது, எச்சரிக்கையோடும் பொறுப்போடும் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. எதிர்த்திசையில் போனால் வேகம் ஆள் நடக்கிற வேகம்தான் என்று விதியே போட்டுவிட வேண்டும். முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இன்னும் நல்லது. துர்கா பூஜை நாலு நாளும் அப்படித்தான், ஓட்டுகிற பேச்சே இல்லை. பந்தலுக்குப் பக்கத்தில் பையோடு ஆளை முன்கூட்டியே நிறுத்தி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வண்டிக்கு வருவோம். பைக் ஆம்புலன்ஸ் என்று சொல்லிக் கடையில் கிடைக்கிற வண்டியை வாங்கி, பின்னால் பெரிய பெட்டி ஒன்றைத் திருகி, பக்கவாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டி, சிவப்பு வண்ணம் பூசிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின் அச்சுக்கும் பின்னால் எடை தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். நகரத்தில் நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன்சக்கரத்தைத்தான் நம்பியிருக்கிறோம். எடை உயரத்தில் இருந்தால் மெதுவாக வளையும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். சிலிண்டர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இன்னும் மோசம். எடை தாழ்வாக, இரு பக்கமும் சமமாக, ஓட்டுகிறவரை ஒட்டி இருக்க வேண்டும். சிலிண்டரின் வால்வு எந்தப் பக்கம் விழுந்தாலும் தரையில் இடிக்காதபடி பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். சைலன்ஸர் சூட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஒரு கஞ்சத்தனம் நடக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். முன்சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலே விதி நிறைவேறிவிடுகிறது. விதிக்குப் போதும் என்பது வேறு, ஈரத் தண்டவாளத்தில் சுமையோடு திடீரென்று பிரேக் பிடிக்கிறவருக்குப் போதும் என்பது வேறு. இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியை மட்டுமே வாங்க வேண்டும். விலை வித்தியாசம், ஓர் எலும்பு முறிவு அறுவை சிகிச்சையின் செலவைவிடக் குறைவு.

சைரனைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு சக்கர ஆம்புலன்ஸில் ஓட்டுநர் கண்ணாடிக்குள்ளே இருக்கிறார். பைக்கில் சைரன் அவர் காதுக்கு இரண்டடியில் அலறுகிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டால் காது போகும். உடனடி ஆபத்து அதைவிடப் பெரிது. சைரன் அலறும்போது பக்கத்தில் வருகிற பேருந்தின் ஹார்ன் அவருக்குக் கேட்காது. சைரனைத் தாழ்வாக, முன்னோக்கி வைக்க வேண்டும். செல்போனைக் கைப்பிடியில் மாட்டி வரைபடம் பார்த்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தையும் ஒழிக்க வேண்டும். வழியைக் காதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அதைவிட மேல், அந்தந்த வட்டாரத்துச் சந்து பொந்து தெரிந்தவரையே அந்த வட்டாரத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஒன்றைச் சரிசெய்யாவிட்டால் எல்லாம் வீண். அது சம்பளமும் கணக்கெடுப்பும்.

கொல்கத்தாவின் தனியார் பேருந்துகள் ஏன் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்கின்றன? எல்லோருக்கும் தெரிந்த பதில்: ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் டிக்கெட் வசூலில் கமிஷன். அடுத்த நிறுத்தத்துப் பயணியை முன்னால் போகிற பேருந்து அள்ளிக்கொண்டால் இவருக்கு நட்டம். ஓட்டுநரின் குணத்தைத் திட்டிப் பயனில்லை. சம்பள முறை அவரை அப்படி ஓட வைக்கிறது. பைக் ஆம்புலன்ஸிலும் இதையே வேறு உருவத்தில் கொண்டு வந்துவிடக் கூடாது. ‘எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாய்?’ என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கேட்டு, குறைந்த நிமிடத்துக்குப் பாராட்டும் கூடிய நிமிடத்துக்கு விளக்கம் கேட்கும் கடிதமும் கொடுத்தால், அவர் முறுக்கத்தான் செய்வார். ஒப்பந்த ஊழியராக, அடுத்த ஆண்டு வேலை நிச்சயமில்லாதவராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நிமிடங்களை வேறு இடத்தில் தேடுங்கள். போன் அடித்ததிலிருந்து வண்டி கிளம்புகிறவரைக்கும் எவ்வளவு நேரம் போகிறது? முகவரி கேட்பதில் எவ்வளவு? வண்டி எங்கே நிற்கிறது? ஷ்யாம்பஜார் ஐந்து முனை, மௌலாலி, பார்க் சர்க்கஸ், கரியாஹட், டாலிகஞ்ச் என்று பரவலாக நிறுத்தி வைத்தால் பல அழைப்புகளுக்குத் தூரம் பாதியாகலாம். தூரத்தைப் பாதியாக்கினால் கிடைக்கிற நேரம், ஆக்ஸிலரேட்டரை முறுக்கி வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கிடைக்கிற நேரத்துக்குச் சமம், ஆனால் யாருடைய உயிரையும் கேட்காது. இதற்கு அதிகாரிகள் வேலை செய்ய வேண்டும். ஓட்டுகிறவரை விரட்டுவது அவர்களுக்குச் சுலபம், அதுதான் சிக்கல்.

பயிற்சியில் இங்கிலாந்துப் போலீஸ்காரர்களின் ‘மோட்டார்சைக்கிள் ரோட்கிராஃப்ட்’ என்ற கையேடு பல நாடுகளில் அடிப்படை. அதன் அடிநாதம் எளிமையானது. கண்ணுக்குத் தெரிகிற காலி இடத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தைத் தாண்டாதே என்பது. படாபஜாரில் கண்ணுக்குத் தெரிகிற காலி இடம் சில சமயம் மூன்று மீட்டர். அப்படியானால் வேகம் என்னவென்று நீங்களே கணக்குப் போடலாம். நம் நாட்டில் ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும் ஒரே ஆளாக வைத்திருக்கிறோம். மருத்துவப் பாடத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, ஓட்டுவதற்கு ‘லைசென்ஸ் இருக்கிறதா?’ என்று கேட்பதோடு விடக் கூடாது. நீண்ட நேர ஷிப்டும் வேண்டாம். வண்டியை ஓட்டி, ஒரு மனிதரின் மார்பைக் கால்மணி நேரம் அழுத்தி, அவர் பிழைக்காமல் போய், மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிறவர் எந்த மனநிலையில் ஓட்டுவார்? இடையில் ஓர் அரைமணி ஓய்வைக் கேட்டு வாங்கும் நிலையில் அவரை வைக்காதீர்கள், விதியாகவே கொடுத்துவிடுங்கள்.

இந்த அவையில் டெண்டர் எழுதுகிற அதிகாரி யாரும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறீர்கள். ஆபத்துக் கால வண்டிக்கு வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019இல் வந்த திருத்தம். ஆனால் பைக் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சைரன் கேட்டதும் பதறி வலதும் இடதுமாக ஒடிக்கிறோம். சிலர் சட்டென்று பிரேக் பிடிக்கிறார்கள், பின்னால் வருகிற பைக் நேரே வந்து மோதும். இன்னும் சிலர், சொல்லவே வெட்கம், ஆம்புலன்ஸ் கிழித்துக்கொண்டு போன வழியில் தன் வண்டியையும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சைரன் கேட்டால் கண்ணாடியில் பாருங்கள். இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கி, அதே கோட்டில் சீராகப் போய்க்கொண்டிருங்கள். அவர் உங்கள் நோக்கத்தைப் புரிந்துகொண்டு பக்கத்தில் நுழைந்து போய்விடுவார். அவர் பின்னால் ஓடாதீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பட்டம் விடும் பையன்களிடம் பருத்தி நூலைக் கொடுத்து, நைலான் கண்டை வாங்கிக் குப்பையில் போடுங்கள். விஸ்வகர்மா பூஜைக்கு முன்பே.